பார்த்துப் படிக்கும் பிள்ளையா, கேட்டுப் படிக்கும் பிள்ளையா?

“என் மகன் பார்த்தால்தான் படிப்பான், சொல்லிக் கொடுத்தால் ஏறாது.” “இவள் கேட்டுப் படிக்கிற பிள்ளை, புத்தகத்தைக் கையில் கொடுத்தால் கொட்டாவி விடுவாள்.” வன்னியில், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெற்றோர் கருத்தரங்குகளுக்குப் போய்வந்தவர்களிடம் இப்படியான பேச்சை இப்போது சாதாரணமாகக் கேட்கலாம். யூரியூப் காணொளிகளும் தம் பங்குக்கு உதவுகின்றன. பத்துக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும், உங்கள் பிள்ளை எந்த வகை என்று சொல்லிவிடுவார்கள். அக்கறையில் பிறந்த பேச்சு என்பதில் சந்தேகமில்லை. அந்த அக்கறை தவறான இடத்தில் போய்த் தேடுகிறது என்பதுதான் சிக்கல்.

இந்த வகைபிரிப்பு எங்கிருந்து வந்தது? நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் பிளெமிங் என்ற கல்வியாளர் 1990களின் தொடக்கத்தில் ஒரு வினாக்கொத்தைப் பரப்பினார். பார்த்தல், கேட்டல், வாசித்து எழுதுதல், செய்தல் என்று நான்கு வழிகள். அவற்றுள் ஒருவருக்கு எது பிடிக்கும் என்று அது கேட்டது. அவருக்கு முன்னும் பின்னும் பலர் இப்படிப் பிரித்திருக்கிறார்கள். 2004இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக் குழு உட்கார்ந்து எண்ணியபோது 71 வகையான பிரிப்பு முறைகள் கிடைத்தன. 71 பேரும் ஒரே பிள்ளையை 71 விதமாகப் பிரிக்கிறார்கள் என்றாலே கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

2008இல் ஹரோல்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் நேரான ஒரு கேள்வியைக் கேட்டார்கள். ‘பார்க்கும் வகை’ப் பிள்ளைக்குப் படத்தாலும், ‘கேட்கும் வகை’ப் பிள்ளைக்குச் சொல்லாலும் கற்பித்தால் இருவரும் கூடுதலாகக் கற்கிறார்களா? அதுவரை வந்த ஆய்வுகளை அலசிவிட்டு, அப்படிச் சொல்வதற்குப் போதிய சான்று இல்லை என்று அவர்கள் எழுதினார்கள். பிள்ளைக்கு ஒரு வழி பிடித்திருக்கலாம். பிடித்த வழியில் கூடுதலாகப் படிக்கும் என்பது அதிலிருந்து வராது. பல்வகை நுண்ணறிவுகள் பற்றி 1983இல் எழுதிய ஹவார்ட் கார்ட்னரின் பெயரையும் இந்தப் பேச்சுக்குள் இழுப்பார்கள். தான் சொன்னது கற்றல் வகைகளைப் பற்றி அல்ல என்று அவரே பின்னாளில் எழுதிவிட்டார்.

எந்த வழியில் கற்பிப்பது என்பதைப் பெரும்பாலும் பாடமே தீர்மானிக்கிறது. இரணைமடுக்குளம் எங்கே இருக்கிறது, முல்லைத்தீவுக் கடல் எந்தத் திசையில் என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் வரைபடம் வேண்டும். தேவாரத்தைப் பண்ணோடு பாட எந்தப் பிள்ளைக்கும் காது வேண்டும். முடிச்சுப் போடக் கை வேண்டும்.

அப்படியானால் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றா என்றால், இல்லை. நிறையவே வேறுபடுகிறார்கள். ஏற்கெனவே எவ்வளவு தெரியும், எந்த இடத்தில் பிழையாகப் புரிந்திருக்கிறது, எழுத்தை எவ்வளவு இலகுவாக வாசிக்க முடிகிறது, கண்ணும் காதும் சரியாக இருக்கின்றனவா, மனம் அமைதியாக இருக்கிறதா என்பவைதான் உண்மையான வேறுபாடுகள். பெற்றோர் தேட வேண்டியதும் அங்கேதான்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். தரம் 3 பிள்ளையின் கொப்பியில் 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று விடை இருக்கிறது. சிவப்புப் பேனையால் பிழை போட்டாயிற்று. வீட்டில் அம்மா பார்க்கிறார். “கவனமில்லை, விளையாட்டுப் புத்தி” என்கிறார். அதே பக்கத்தில் இன்னும் இரண்டு கணக்குகளைப் பாருங்கள்: 63இலிருந்து 48ஐக் கழித்து 25, 71இலிருந்து 36ஐக் கழித்து 45. மூன்றிலும் பிள்ளை ஒரே ஒழுங்கைத்தான் பின்பற்றியிருக்கிறது. ஒன்றினிடத்தில் சிறிய இலக்கத்தைப் பெரிய இலக்கத்திலிருந்து கழிக்கிறது, மேலே எது கீழே எது என்று பார்ப்பதில்லை. இதைக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. பிள்ளை மிகக் கவனமாக ஒரு பிழையான விதியைப் பின்பற்றுகிறது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு மேலும் 50 கழித்தல் கணக்குக் கொடுத்தால் பிழையான விதி 50 முறை பழக்கமாகும், அவ்வளவுதான். “இதை எப்படிச் செய்தாய், எனக்குச் சொல்லு பார்ப்போம்” என்று கேட்டுவிட்டு வாய் மூடி இருந்தால் இரண்டு நிமிடத்தில் விடயம் வெளியே வரும். சரியான விடைக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். பிழைக்கு மட்டும் கேட்டால், கேள்வி வந்த உடனேயே பிள்ளை அழிரப்பரைத் தேடும்.

இன்னொரு பிள்ளை. விசுவமடுப் பக்கம் வீதியோரக் கடையில் தாய்க்கு உதவியாக நிற்கிறான். தேங்காய் ஒன்று 160 ரூபாய், நான்கு வேண்டும் என்று 1000 ரூபாய்த் தாளை நீட்டினால் 360 ரூபாய் மிச்சத்தைப் பிழையில்லாமல் எடுத்துத் தருகிறான். எப்படிச் செய்கிறான்? 640க்கு மேல் 60 வைத்தால் 700, அதற்கு மேல் 300 வைத்தால் 1000. கழிக்கவே இல்லை, கூட்டிக்கொண்டே மேலே போகிறான். அதே பையனுக்குக் கொப்பியில் 1000இன் கீழே 640ஐ எழுதிக் கழிக்கச் சொன்னால் அந்தப் பூச்சியங்களில் தடக்கி விழுகிறான். பள்ளிக்கூடத்தில் அவன் ‘கணக்கு வராத பிள்ளை’.

இது வன்னிக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் இளநீரும் பழமும் விற்ற சிறுவர்களை மூன்று ஆய்வாளர்கள் இப்படிச் சோதித்தார்கள். 1985இல் வெளியான அந்த ஆய்வில், விற்பனையின்போது கேட்ட கணக்குகளில் 98 வீதம் சரி. அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தபோது 37 வீதம்தான் சரி. பிள்ளையிடம் கணக்கு இருக்கிறது. கடையிலிருந்து கொப்பிக்கு அது கடந்துவர ஒருவர் பாலம் போட வேண்டும். “கடையில் மிச்சம் கொடுக்கிற மாதிரிச் செய், பிறகு நீ செய்ததை அப்படியே எழுது” என்று சொல்லக்கூடிய ஆள் ஆசிரியரைவிடப் பெற்றோர்தான். கடையில் பிள்ளை செய்வதைப் பார்ப்பவர் அவர்.

வாசிப்புக்கு வருவோம். என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட முதலில் பார்க்க வேண்டியது இதுதான், நம் பெற்றோர் கடைசியாகப் பார்ப்பதும் இதுதான். தமிழில் 247 எழுத்துகள். ‘கொக்கு’ என்ற சொல்லை வாசிக்கத் தொடங்கும் ஆறு வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, பிறகு க, பிறகு அரவு. வாய் சொல்ல வேண்டியதோ க் என்ற ஒலியை முதலிலும் ஒ என்ற ஒலியை அதன் பின்னும். கண் போகும் ஒழுங்கும் ஒலி வரும் ஒழுங்கும் ஒன்றல்ல. பெரியவர்களுக்கு இது தெரிவதே இல்லை, பழகிப்போயிற்று. தொடங்கும் பிள்ளைக்கு இது பெரிய வேலை. பெரும்பாலான பிள்ளைகள் பழக்கத்தால் கடந்துவிடுவார்கள். சிலர் கடக்காமலே, கேட்டதை மனப்பாடம் செய்து ஒப்புவித்துக்கொண்டு தரம் 4 வரை வந்துவிடுவார்கள்.

கண்டுபிடிப்பது எளிது. பாடப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் பிள்ளை கடகடவென்று ‘வாசித்த’ பிறகு, அதே பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து இது என்ன என்று கேளுங்கள். பிறகு கீழிருந்து மேலாக நான்கைந்து சொற்கள். அல்லது சீனி சுற்றி வந்த பழைய பத்திரிகைத் துண்டை நீட்டுங்கள். அங்கே தடுமாறினால் பிள்ளை இதுவரை வாசிக்கவில்லை, ஒப்புவித்திருக்கிறது. அந்தப் பிள்ளையை ‘கேட்டுப் படிக்கும் வகை’ என்று சொல்லிச் சமாதானம் அடைவது எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள். கேட்டுப் படிக்க அதற்குப் பிடித்திருப்பதன் காரணமே வாசிக்க முடியாததுதான். நாளுக்கு 10 நிமிடம் உரத்த குரலில் சேர்ந்து வாசித்தும் சில மாதங்களில் மாற்றம் இல்லையென்றால் வகுப்பாசிரியரிடம் பேச வேண்டும். வாசிப்பு இடர்பாடு என்பது மூளை எழுத்தைக் கையாளும் விதத்தில் உள்ள வேறுபாடு, புத்தியின் குறைவு அல்ல.

வீட்டுப் பேச்சுக்கும் புத்தகத் தமிழுக்கும் இடையில் இருக்கும் தூரமும் சேர்ந்துகொள்கிறது. ‘அவர்கள் வந்தார்கள்’ என்று யாரும் வீட்டில் பேசுவதில்லை. ஆகவே புத்தகத்தின் தமிழ் பிள்ளையின் காதில் விழுந்திருக்க வேண்டும், யாராவது வாசித்துக் காட்டியோ வானொலியைக் கேட்டோ. கதை சொல்லும் அம்மம்மா ஒருவர் வீட்டில் இருந்தால் அது பெரிய சொத்து. சொல்வளம் பெருகுவது அங்கேதான். வெளிநாடு போன தாயின் பிள்ளைகளை அம்மம்மாமார் வளர்க்கும் வீடுகள் இங்கே ஏராளம். “எனக்குப் படிப்பு இல்லை, நான் என்ன செய்ய” என்று சொல்லும் அந்த மனிதர்கள் தங்களிடம் இருப்பதைக் குறைவாக மதிப்பிடுகிறார்கள்.

இதே வசனத்தைப் பெற்றோரும் சொல்கிறார்கள் என்பதுதான் வன்னியின் தனி வரலாறு. யுத்தம் முடிந்த 2009இல் 15 வயதாக இருந்தவருக்கு இன்று முப்பது தாண்டிவிட்டது. அடம்பனிலிருந்தோ அக்கராயனிலிருந்தோ கிளம்பி, விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு இடமாகப் பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போன தலைமுறை அது. மரத்தடியிலும் தறப்பாள் கொட்டகையிலும் படித்தவர்கள், இடம்பெயர்ந்தோருக்கான செட்டிக்குளம் மெனிக் பாம் முகாம்களில் பரீட்சை எழுதியவர்கள், எழுதாமலே விட்டவர்கள். அந்த முகாம்கள் 2012இல்தான் முழுதாக மூடப்பட்டன. அறுந்த படிப்பைப் பற்றிய கூச்சம் இவர்களில் பலருக்கு இன்னும் இருக்கிறது. அதனால் பிள்ளையின் கொப்பியைத் திறக்கவே தயங்குகிறார்கள். கையில் இருக்கும் காசை ரியூசனுக்குக் கொடுத்துவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

கற்றலைப் பற்றி ஆராய்ச்சி உறுதியாகச் சொல்லும் முக்கியமான விடயங்கள் எதற்கும் பெற்றோருக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களிடம் ஒரு பந்தியைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் அதை இரண்டு முறை படித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவுக்கு வந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னணி: 81 வீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்த மாணவர்களிடம் நிலைமை தலைகீழ். திரும்பப் படித்தவர்களுக்கு 42 வீதம்தான் நினைவில் நின்றது, பார்க்காமல் எழுதியவர்களுக்கு 56. மூடிய புத்தகத்தின் முன்னால் பிள்ளை பாடுபட்டு நினைவைத் தோண்டும்போதுதான் பாடம் வேர்விடுகிறது. ஆகவே தாய் சமைத்துக்கொண்டிருக்கலாம், தகப்பன் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருக்கலாம்: “இன்று சுற்றாடல் பாடத்தில் என்ன படித்தீர்கள்? கொப்பி பார்க்காமல் மூன்று விடயம் சொல்லு.” பிறகு கொப்பியைத் திறந்து, விட்டது என்ன என்று பிள்ளையே பார்க்கட்டும். எட்டாம் வகுப்போடு நின்ற தாயால் இதைச் செய்ய முடியாதா?

இடைவெளி விட்டுக் கேட்பது அடுத்தது. ஜேர்மானியரான ஹெர்மன் எபிங்காஸ் 1885இலேயே தன்னைத் தானே சோதித்து, மறதி எவ்வளவு வேகமாக வருகிறது, இடைவெளி விட்டு மீட்டினால் எப்படி அது குறைகிறது என்று காட்டிவிட்டார். ஒரு போகத்துக்கு வேண்டிய தண்ணீர் முழுவதையும் ஒரே நாளில் பாய்ச்சிவிட்டு வாய்க்காலைக் கட்டுகிற விவசாயி இரணைமடுவின் கீழ் ஒருவரும் இல்லை; பரீட்சைக்கு முதல்நாள் இரவு பிள்ளையை இருத்திவைத்துப் படிப்பிப்பது அதே வேலைதான். திங்கட்கிழமை படித்ததைப் புதன்கிழமை ஒரு முறை, அடுத்த கிழமை ஒரு முறை, மாதக் கடைசியில் ஒரு முறை கேட்டால் போதும். மொத்த நேரம் கூடப் போவதில்லை.

மூன்றாவது, பல வகைக் கணக்குகளைக் கலந்து செய்வது. இதை ஏற்றுக்கொள்வதுதான் பெற்றோருக்குக் கடினம். ஒரே வகைக் கணக்கை வரிசையாக 20 செய்தால் பிள்ளை கடைசியில் மளமளவென்று செய்யும், பார்க்கச் சந்தோசமாக இருக்கும். 2007இல் ரோரர், டெய்லர் என்பவர்கள் மாணவர்களுக்கு நான்கு வகைத் திண்மங்களின் கனவளவைக் காணக் கற்பித்தார்கள். ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போய்ப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது 89 வீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து செய்தவர்கள் 60. ஒரு வாரத்துக்குப் பிறகு வைத்த சோதனையில் ஒவ்வொரு வகையாக முடித்தவர்களுக்கு 20 வீதம், கலந்து செய்தவர்களுக்கு 63. காரணம் எளிது: பரீட்சைத் தாளில் இது எந்த வகைக் கணக்கு என்று யாரும் தலைப்புப் போட்டுத் தருவதில்லை. எந்த முறையைப் பாவிப்பது என்று தெரிவுசெய்யும் பழக்கம் கலந்து செய்தவர்களிடம் மட்டுமே இருந்தது. ஆகவே வீட்டில் பிள்ளை தடுமாறித் தடுமாறிச் செய்கிறது என்பதற்காகக் கலங்க வேண்டாம். அந்தத் தடுமாற்றத்தில்தான் படிப்பு நடக்கிறது. இந்த 2006, 2007 ஆய்வுகள் இரண்டும் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடந்தவை என்பதையும் சொல்ல வேண்டும். சிறு பிள்ளைகளிடம் அளவு கூடிக் குறையலாம், திசை மாறவில்லை.

உடம்பைப் பற்றி. பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 வகுப்புகளுக்கு நடக்கிறது. கண்ணும் காதும் பார்க்கிறார்கள். அன்று பிள்ளை பள்ளிக்குப் போகாவிட்டால், அல்லது கொடுத்துவிட்ட துண்டு புத்தகப் பையின் அடியில் கிடந்தால் அவ்வளவுதான். கரும்பலகை தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதும். ஆசிரியர் அதைக் ‘கொப்பியடிக்கிறான்’ என்பார். காலையில் வெறும் வயிற்றோடு நான்கு கிலோமீற்றர் சைக்கிள் மிதித்து வரும் பிள்ளைக்கு எந்தக் கற்பித்தல் முறையும் முதல் இரண்டு பாடவேளைகளில் வேலை செய்யாது. நித்திரையும் அப்படித்தான். படித்தது நினைவில் நிலைப்பது தூக்கத்தில். விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பித் தலையில் தண்ணீர் ஊற்றிப் படிக்க வைப்பதைப் பெருமையாகச் சொல்லும் பெற்றோர், பிள்ளை எத்தனை மணிக்குப் படுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மனத்தைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னி மக்களின் கூட்டு உளத்தாக்கம் பற்றி எழுதியபோது, பாதிப்பு தனி மனிதரோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்குகிறது என்று காட்டினார். இன்று தரம் 5இல் இருக்கும் பிள்ளை யுத்தத்தைக் கண்டதில்லை. ஆனால் தகப்பனின் திடீர்க் கோபத்தையும் தாயின் நீண்ட மௌனத்தையும் காண்கிறது. பயந்த மனத்தில் கவனத்துக்கு இடம் குறைவு. பாடம் ஏறவில்லை என்பதற்காக அடிப்பது அந்த இடத்தை இன்னும் குறைக்கும். நன்றாக இருந்த பிள்ளை சட்டென்று ஒதுங்கினால், தூக்கம் கெட்டால், பள்ளிக்குப் போக மறுத்தால் அதைச் சோம்பல் என்று முடிவுகட்டாமல் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். ஊர் என்ன சொல்லும் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையைத் தொடாமல் இந்தப் பேச்சு முடியாது. தரம் 3இலிருந்தே கடந்தகால வினாத்தாள்களைக் கட்டுக்கட்டாகச் செய்விக்கும் வகுப்புகள் சிறிய சந்திகளில்கூட இருக்கின்றன. வினாத்தாள் செய்வது கெட்டதல்ல. நினைவைச் சோதிப்பதும் கலந்து செய்வதும் அதிலே உண்டு. பிழைத்த வினாவுக்கு என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விடையை மட்டும் சொல்லி அடுத்த தாளுக்குப் போகும் வகுப்பு என்றால் காசு வீண். பிழைத்த வினாக்களை ஒரு தனிக் கொப்பியில் எழுதி, இரண்டு கிழமை கழித்து அவற்றை மட்டும் திரும்பச் செய்யும் பிள்ளைக்குப் பாதித் தாள்கள் போதும்.

வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்தாலும் கீழே நின்றாலும் அடுத்து எல்லாப் பிள்ளைகளும் போவது தரம் 6க்குத்தான். ஒரு வகுப்பாசிரியரோடு இருந்த பிள்ளைக்கு அங்கே பாடத்துக்கு ஓர் ஆசிரியர். விஞ்ஞானம், வரலாறு, புவியியல் என்று தடித்த புத்தகங்கள். ஒன்றிரண்டு வசனங்களில் எழுதி முடிக்க முடியாத வினாக்கள். ஊக வினாத்தாள் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் பலருக்கு நின்றுபோயிருக்கும். முந்திய ஆண்டு முழுக்கப் பக்கத்தில் இருந்து படிப்பித்த பெற்றோர் களைத்துப்போய், “இனி நீயே படி” என்று விட்டுவிடுவதும் அந்தத் தவணையில்தான். அந்த முதல் தவணையில், ஒரு வரலாற்றுப் பாடத்தை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, அதில் என்ன இருந்தது என்று சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ஒரு பிள்ளை சொந்த வசனத்தில் நான்கு வரி சொல்லும். இன்னொரு பிள்ளை, “எந்தக் கேள்வி வரும், சேர் இன்னும் சொல்லவில்லையே” என்று உங்கள் முகத்தைப் பார்க்கும்.